வேட்டுக்குப் பழகிய கோழிகள்

1. டாப்பில் போட முடியாது

முதல் நாளே சண்டை. மதுரை பஸ் ஸ்டாண்டில், கார்த்திகை மாதத் தூறலில், ஐந்நூறு ஒருநாள் குஞ்சுகளோடு நிற்கிறேன். காற்றுப் போக ஓட்டை போட்டு, சணல் கட்டிய அட்டைப் பெட்டிகள். உள்ளே கீச்கீச்சென்று ஒரே இரைச்சல். நாமக்கல்லில் இருந்து வந்த வண்டிக்காரன் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். ராஜபாளையம் பஸ் கண்டக்டர் பெட்டிகளைப் பார்த்தவுடன், "டாப்புல போடும்மா" என்றான்.

"மழ பெய்யுது. நனைஞ்சா அம்புட்டும் செத்துப்போகும்."

"செத்தா நான் என்ன செய்ய? இது ஆளுக ஏறுற வண்டி."

"கைக்கொழந்தைக்கு டிக்கெட்டு உண்டா?"

"கெடையாது."

"இதுகளுக்கெல்லாம் வயசு ஒரு நாளு. உள்ள ஏத்து."

பஸ் முழுக்கச் சிரித்துவிட்டது. கண்டக்டருக்கு வேறு வழியில்லை. கடைசி சீட்டில் இருந்தவர்கள் காலை மடக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது ஒரு கிழவர், "எல்லாம் பொட்டையாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கரை சேத்திருவியா?" என்றார். எனக்கே தெரியாது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அதற்கு முன்னால் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ரீலிங் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். எங்கள் மேஸ்திரி, பெண்கள் கக்கூஸுக்குப் போனால் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிற ஆள். ஒரு நாள் என்னையும் அப்படிப் பார்த்தான். கையில் இருந்த நூல் சிட்டத்தை அவன் காலடியில் எறிந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் செல்லத்துரை அதே மில்லில் ஃபிட்டர். சாது. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கனகு, கோழிப் பண்ணை வைக்கணும்னா வையி. வார தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள பண்ண தன் வயித்தத் தானே பாத்துக்கிட்டா சரி. இல்லைன்னா தீபாவளி கழிஞ்சு ஆள் எடுப்பாக, மில்லுக்குத் திரும்பிப் போயிரணும்."

சரி என்றேன். அந்த மேஸ்திரி முகத்தில் மறுபடி முழிக்க வேண்டுமா, வேண்டாமா? எனக்கு விஷயம் அதுதான். லாப நஷ்டம் எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

2. ஷெட்டுக்குள் யாரும் தும்மக் கூடாது

வன்னியம்பட்டிப் பக்கம் என் அப்பா எனக்குக் கொடுத்த கால் ஏக்கர் நிலம் இருந்தது. ஊர்க் கடைசி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதில் ஓலைக் கூரை போட்டு, இடுப்பளவு சுவர் எழுப்பி, மேலே கம்பிவலை அடித்தோம். தரையில் கடலைத்தொலி பரப்பினோம். இப்போது மாதிரி கூண்டு எல்லாம் கிடையாது. கோழி தரையில்தான் திரியும்.

குஞ்சு இறங்கிய முதல் வாரம் பல்புச் சூட்டில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் மண்பானையில் கரி நெருப்பு. ஒவ்வொன்றாக எடுத்து, சீனித் தண்ணியில் மூக்கை முக்கி விட வேண்டும், அப்போதுதான் குடிக்கக் கற்றுக்கொள்ளும். ஐந்நூறு மூக்கு. என்னோடு இருந்தவள் மாரியம்மா. ஊருக்குள் இருந்து வேலைக்கு வந்தவள், என் வயதுதான். "பெத்த பிள்ளைக்குக்கூட நான் இம்புட்டுப் பாக்கலக்கா" என்பாள்.

குஞ்சு விற்றவன் ஒரு விதி சொல்லி அனுப்பியிருந்தான். முட்டைக்கென்றே வளர்க்கிற இந்த வெள்ளை லெகார்ன் கோழி பயந்த ஜாதி. சத்தம் ஆகாது, புது ஆள் ஆகாது, கலர்ச் சேலைகூட மாற்றிக் கட்டக் கூடாது. மிரண்டால் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் மாட்டினது மூச்சுமுட்டிச் சாகும். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஷெட் பக்கம் சைக்கிள் மணி அடித்தவனை விரட்டினேன். பால்காரன் பாட்டுப் பாடினால் திட்டினேன். என் வீட்டுக்காரர் தும்மல் வந்தால் ரோட்டுக்கு ஓடுவார்.

ஆனால் ஒரு சத்தம் மட்டும் அங்கே தினமும் இருந்தது. என் வாய். காலையில் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போதே ஆரம்பித்துவிடுவேன். "ஏ மூதேவிகளா, திங்கத்தான் பெறந்தீகளா? முட்டை எங்கடி? ஒங்க ஆத்தா வந்திருக்கேன், எந்திரிச்சு வாங்க." மேஸ்திரி மேல் இருந்த கோபம், தீவனக் கடைக்காரன் மேல் இருந்த கோபம், எல்லாவற்றையும் கோழிகளிடம்தான் கொட்டினேன். அதுகள் கோபித்துக்கொள்ளவில்லை. வாளி ஆடுகிற சத்தத்துக்கும் என் வசவுக்கும் கூட்டமாக ஓடி வந்து காலைச் சுற்றும்.

"ஏட்டி, ஊர்ல எவனும் தும்மக் கூடாது, நீ மட்டும் இப்பிடிக் கத்துத" என்பார் செல்லத்துரை.

"நான் கத்துறது வேற" என்பேன்.

அது எவ்வளவு வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

3. சாமி வேட்டு

பங்குனியில் ஊர்ப் பொங்கல். அம்மன் ஊர் சுற்றி வரும்போது மூன்று இடத்தில் அதிர்வேட்டு போடுவார்கள். அதில் ஓர் இடம் என் ஷெட்டுக்கு நேர் எதிரே. பெட்டைகள் முட்டைக்கு வர ஒரு மாதம் இருந்தது. நான் நேரே நாட்டாமை குருவையா வீட்டுக்குப் போனேன். அறுபது வயது, வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், மரியாதையான மனுஷன்.

"ஏம்மா, நீங்க சர்ச்சுக்குப் போறவுக. எங்க சாமிக்கு வேட்டுப் போடாதன்னு சொல்லுதீகளே, நல்லாவா இருக்கு?"

"நான் சாமியச் சொல்லல. வேட்டத்தான் சொல்லுதேன். அந்தப் பக்கம் கம்மாக் கரையில வச்சுப் போடுங்க. சாமிக்குக் காது கேக்காதா?"

அவர் மகன் பக்கம் திரும்பி, "பெத்த நோரு" என்று தெலுங்கில் முனகினார். எனக்குப் புரியாது என்று நினைப்பு. மில்லில் எனக்கு இரண்டு பக்கமும் தெலுங்குக்காரப் பெண்கள்தான்.

"ஆமா, பெரிய வாய்தான்" என்றேன். "அத வச்சுத்தான் பொழைக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். கூட்டம் போட்டுப் பேசி, அந்த வருஷம் வேட்டைக் கண்மாய்க் கரைக்கு மாற்றினார். ஊரில் நிறையப் பேருக்கு மனசில்லை. "கோழிக்காக ஆத்தாளையே தள்ளி நிக்கச் சொல்லிட்டாக" என்று பேசினார்கள். அன்றைக்கு மாரியம்மாவும் நானும் ஷெட்டைச் சுற்றி சாக்குப் படுதா கட்டினோம். தூரத்தில் வேட்டுக் கேட்டது. கோழிகள் கொஞ்சம் கூட்டமாக நெருங்கி நின்றன, அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

4. அண்ணன் கொண்டுவந்த சரம்

சித்திரையில் முட்டை வந்தது. முதல் முட்டை எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும், சூடாக, ஈரம் காயாமல். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சூடு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

கூடை நிறைய வந்ததும் ஸ்தோத்திர ஜெபம் வைத்தேன். சபைப் போதகர் வந்தார், சபைப் பெண்கள் வந்தார்கள், குருவையாவையும் கூப்பிட்டிருந்தேன், வந்தார். ஷெட்டுக்கு முன்னால் பந்தல். யாரும் சத்தம் போடக் கூடாது என்று பாட்டைக்கூட மெதுவாகப் பாடவைத்தேன். அப்படி ஒரு ஜெபக்கூட்டத்தை எங்கள் சபை கண்டதில்லை. எல்லாரும் நோயாளி வீட்டில் பாடுகிற மாதிரி பாடினார்கள்.

என் அண்ணன் தங்கராஜ் சிவகாசியில் பட்டாசு ஏஜெண்டு. அங்கே கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரன் வருகை, எதுவாக இருந்தாலும் சரம் வெடித்தால்தான் அது நடந்ததாகக் கணக்கு. வெடிக்காமல் விட்டால் அண்ணன்மாருக்குக் கௌரவக் குறைச்சல். ஊர்ச் சாமியின் வேட்டை நகர்த்தின எனக்கு, சொந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

போதகர் "ஆமென்" சொன்னார். அதே நிமிஷம் பந்தலுக்குப் பின்னால் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டான் அண்ணன்.

அந்தச் சத்தத்தைவிட ஷெட்டுக்குள் கேட்ட சத்தம்தான் எனக்குப் பெரிசு. ஐந்நூறு கோழியின் இறக்கை ஒரே நேரத்தில் அடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வடமூலையில் வெள்ளையாக ஒரு மேடு எழும்பியது. மேலே இருந்தவை இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் உள்ளே ஓடினார், பின்னாலேயே அண்ணன், பின்னால் சபை ஆட்கள். வெள்ளை வேட்டிகளைப் பார்த்ததும் கோழிகள் இன்னும் மிரண்டன.

"வெளிய போங்க எல்லாரும்!" என்று கத்தினேன். "ஏ அண்ணே, ஒன்னய யார்லே வெடிக்கச் சொன்னா? வெளிய போ!"

அந்தக் கத்தலில் மேட்டின் ஓரத்தில் இருந்த சில கோழிகள் கழுத்தைத் திருப்பின. பார்த்துவிட்டேன். கையில் வாளி இல்லை. ஒரு காலித் தகரத்தை எடுத்து ஆட்டிக்கொண்டு, தினமும் சொல்கிறதையே தொடங்கினேன். "ஏ மூதேவிகளா, திங்கத்தான் பெறந்தீகளா? எங்கடி ஏறுதீக? ஒங்க ஆத்தா வந்திருக்கேன், எறங்கி வாங்க!" போதகர் நிற்கிறார், சபை நிற்கிறது, குருவையா நிற்கிறார். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை. காலையில் திட்டுகிற அத்தனையும் திட்டினேன். முதலில் நாலைந்து இறங்கின. பிறகு பத்து. பிறகு மேடு சரிந்து, வெள்ளையாக என் காலைச் சுற்றி வந்தன.

அடியில் கிடந்தவற்றை எடுத்தோம். இரண்டு சாக்கு.

குருவையா என் அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எங்க ஆத்தாள கம்மாக்கரைக்கு அனுப்பிச்சீக. ஒங்க அண்ணன எங்கம்மா அனுப்பப் போறீக?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். பிறகு நான்தான் சிரித்தேன். அழுகை நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

5. பழக்கிப் பார்த்தது

மீதி இருந்த கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன. வந்தாலும் ஓடில்லாத தோல்முட்டை, கையில் எடுத்தால் பிதுங்கும். தீவனம் மட்டும் வழக்கம்போல் தீர்ந்தது. தீவனக் கடைக்காரர், "அம்புட்டையும் கறிக்குத் தள்ளிட்டு நிம்மதியா இருங்க" என்றார். மில்லில் மேஸ்திரி என் வீட்டுக்காரரிடம், "என்ன, ஒம்ம வீட்டம்மாவுக்கு ரீலிங்ல எடம் போட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டானாம். அவர் வந்து அதை என்னிடம் அப்படியே சொன்னார். மறைத்துப் பேசத் தெரியாத மனுஷன்.

"நீரு என்ன சொன்னீரு?"

"தீபாவளிக்கு இன்னும் நாளு கெடக்குன்னேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக, அவர் வேறு என்ன செய்தாலும் நான் சாகிற வரைக்கும் மன்னிப்பேன்.

ஆனால் தீபாவளிதான் பயம். சிவகாசிக்குப் பக்கத்து ஊர்களில் தீபாவளி எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அதை எந்த நாட்டாமையிடம் போய்க் கண்மாய்க் கரைக்கு மாற்றச் சொல்வது?

மாரியம்மாதான் தொலியைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "அக்கா, ஒங்க வாய்க்கே பழகின கோழி, வேட்டுக்கா பழகாது?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் கிளறுகிற கம்பைக் கீழே போட்டுவிட்டு யோசித்தேன். உண்மைதானே? என் சத்தம் அந்த ஷெட்டில் எந்தச் சத்தத்தைவிடக் குறைச்சல்? குஞ்சிலிருந்து கேட்டதால், அதோடு தீவனமும் வந்ததால், அதுகளுக்கு அது சோற்றுச் சத்தம். அப்படியானால் வேட்டையும் சோற்றுச் சத்தமாக ஆக்க வேண்டும். அமைதியாக வை என்று சொன்னவன் நாமக்கல்காரன். அவன் ஊருக்கு அது சரி. என் ஊர் சிவகாசி பக்கம்.

மறுநாளில் இருந்து தீவனம் வைக்கும்போது மாரியம்மா ஷெட்டுக்கு வெளியே தகரம் தட்டினாள். முதலில் மெதுவாக. சில நாளில் ரேடியோவைக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிட்டேன், காலையில் இருந்து சாயங்காலம் வரை. பால்காரனைக் கூப்பிட்டு, "இப்பப் பாடு" என்றேன். அவன் பயந்துபோய்ப் பாடவே இல்லை. பிறகு அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். செய்ததற்குப் பிராயச்சித்தமாக ஒரு சாக்கு ஓலைவெடி கொண்டுவந்தான். வாளியை உள்ளே கொண்டுபோய் நான் திட்ட ஆரம்பித்ததும், அவன் ரோட்டு மேல் ஒன்று வெடிப்பான். அடுத்த வாரம் வேலி ஓரம். அதற்கு அடுத்து பந்தல் போட்ட இடம். கோழிகள் முதலில் குனிந்து நடுங்கின. தீவனம் முன்னால் இருந்ததால் ஓடவில்லை. பிறகு நடுங்குவதையும் விட்டுவிட்டன.

ஊர் சிரித்தது. "ஆத்தாளுக்கு வேட்டு கெடையாது, கோழிக்குத் தெனமும் தீபாவளி" என்றார்கள். சொல்லட்டும் என்று விட்டேன். ஆடியில் முட்டை பழையபடி வந்தது.

6. தீபாவளி

அன்றைக்கு விடியும் முன்னாலேயே ஊருக்குள் ஆரம்பித்துவிட்டது. நானும் செல்லத்துரையும் ஷெட் வாசலில் நின்றோம். வானம் முழுக்கப் புகை. கடைசி வீட்டுப் பையன்கள் எங்களுக்கு எதிரேயே அணுகுண்டு வைத்தார்கள். சுவர் அதிர்ந்தது.

நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன, அவ்வளவுதான். பிறகு எல்லாம் என் கையைப் பார்த்தன. வேட்டுக் கேட்டதே, தீவனம் எங்கே என்று.

"ஏட்டி, ஒன்னயத்தான் பாக்குதுக, போ, வையி" என்றார் செல்லத்துரை.

அன்று மதியம் கூடைகள் வழக்கம்போல் நிறைந்தன. மேஸ்திரிக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த பங்குனியில் நானே குருவையா வீட்டுக்குப் போய், "வேட்டப் பழைய எடத்துலயே போடுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. சாமி வந்து நிற்க, வேட்டுப் போட்டபோது, தேங்காய்த் தட்டோடு என் ஷெட் வலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். கோழிகள் தீவனத் தொட்டிக்கு ஓடின.

"ஒங்களமாதிரியே வளத்துட்டீக" என்றார்.

7. காசு எதில் வந்தது

இளம் ஆட்கள் என்னிடம் கேட்கிறது இதைத்தான். முட்டை, தீவனத்துக்குச் சரியாகப் போகும். சில மாதம் அதற்கும் பற்றாது. புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் முட்டையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். அந்த மாதம் ராஜபாளையம் புரோட்டாக் கடைகளும் மில் கேண்டீனும்தான் காப்பாற்றும். ஆமாம், அதே மில்தான். கேண்டீனுக்குத் தட்டு தட்டாக முட்டை இறக்கினபோது மேஸ்திரி வந்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டான். "ஒடச்சுப் பாத்துச் சொல்லும்" என்றேன்.

கையில் நின்ற காசு எருவில் வந்தது. தொலியோடு கலந்த கோழி எருவுக்கு, மலையடிவாரத்து மாந்தோப்புக்காரர்கள் மாட்டுவண்டி கட்டி வந்து காத்துக் கிடந்தார்கள். நாற்றம் பிடித்த தொழிலில் காசும் நாற்றத்துக்குள்தான் இருந்தது. அதை அள்ளக் கூச்சப்படுகிறவன் பண்ணை வைக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். புத்தகத்திலும் பயிற்சி வகுப்பிலும் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் உங்கள் ஊர் எது, உங்கள் சொந்தக்காரன் யார் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். ஊர் மாறாது. கோழிதான் மாறும்.

தொண்ணூறுகளின் கடைசி வரை ஓட்டினேன். அப்புறம் லாரி லாரியாக வெளியூர் முட்டை வந்தது. என் தீவனச் செலவைவிடக் குறைந்த விலைக்குக் கடையில் விற்றார்கள். அந்த ஆட்டத்தில் என் வாய் செல்லுபடியாகவில்லை. கடைசிக் கூட்டத்தைக் கறிக்கு விற்றேன்.

லாரி வந்தது. கோழி பிடிக்கிற ஆட்கள் நாலு பேர், கூண்டுகளைத் தடதடவென்று இறக்கினார்கள். எந்தப் பண்ணையிலும் அந்தச் சத்தத்துக்கே கோழி பறந்து சிதறும். என்னுடையவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தீவனம் வருகிறது என்று தொட்டிப் பக்கம் போய் நின்றன. பிடிக்கிறவனுக்கே ஆச்சரியம்.

"என்னக்கா இது, பயமே இல்லாத கோழி? மாரியம்மாக்கா சொன்னாக, நீங்க ஒரு சத்தம் குடுத்தா எல்லாம் வாசலுக்கே வந்துருமாமே. குடுங்கக்கா, வேல வெரசா முடியும்."

மாரியம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலி வாளி என் கையில்தான் இருந்தது. அதை ஆட்டாமல் கீழே வைத்தேன்.

"பிடிக்கிறது ஒங்க வேல. பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தீவன ரூம் படியில் போய் உட்கார்ந்தேன். லாரி கிளம்புகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.